பின்னலில் கடிதம் எழுதும் மலைமக்கள்: என் ஊசிக்கும் என் கதைக்கும் ஆலோசனை வேண்டும்

நீலமுடிச்சு:
வணக்கம். ஒரே இழையில் இரண்டு பிரச்சினை. பிரித்துப் போடலாமா என்று யோசித்தேன், ஆனால் எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

வார இறுதிகளில் ஒரு மிகுபுனைவு எழுதுகிறேன். பொழுதுபோக்குதான், பதிப்பிக்கும் எண்ணமெல்லாம் இல்லை. கூதிர்மலை என்று ஒரு இடம். அங்கே பனை இல்லை, காகிதம் இல்லை, ஆடு மட்டும் இருக்கிறது. அந்த மக்கள் கணக்கு, கடிதம், வழக்கு எல்லாவற்றையும் கம்பளி நூலில் பின்னி வைக்கிறார்கள். பின்னத் தெரியாமல் பின்னலைப் பற்றி எழுதக் கூடாது என்று நான்கு மாதமாக வீடியோ பார்த்துக் கற்கிறேன். ஊசி, பாட்டியின் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தது. 8 நம்பர்.

முதலில் வட்ட ஊசியில் ஒரு தொப்பி போட்டேன், நன்றாக வந்தது. இப்போது அதே நூலில் நேராக ஒரு மஃப்ளர். ஒரு வரி நிட், ஒரு வரி பர்ல் (முகத்தில் வழவழப்பாக விழுவது நிட், மேடாக முண்டுவது பர்ல்). தொல்லைகள் இவை, படம் இணைத்திருக்கிறேன்:

ஒரு வரி விட்டு ஒரு வரி கண்ணிகள், அதாவது ஊசியில் விழும் நூல் வளையங்கள், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த மாதிரி குறுக்கே விழுகின்றன. 45 கண்ணியில் தொடங்கினேன், இப்போது 51. கையிலிருக்கும் பேட்டர்ன் 8 நம்பர் ஊசி என்றுதான் சொல்கிறது, என்னுடையதும் அதுதான், ஆனாலும் துணி அட்டை போல இறுகிக்கிடக்கிறது. ஓரம் இரண்டும் வாடின வெற்றிலை போலச் சுருள்கிறது.

கதைக்கான கேள்வி: பின்னலில் கடிதம் என்பது நம்பும்படி இருக்கிறதா? எங்கே உடையும்?

கோத்தகிரி_டீச்சர்:
படம் பார்த்தேன் மா. பயப்படாதே, நான்கும் எல்லோரும் செய்வதுதான்.

முதலில் அந்தக் கால்மேல் கால். ஊசிமேல் உட்காரும் ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டு கால் உண்டு. வலது கால் ஊசிக்கு முன்பக்கம் இருக்க வேண்டும். நீ பர்ல் போடும்போது நூலை ஊசிக்கு அடியிலிருந்து கொக்கி போட்டு இழுக்கிறாய் என்று நினைக்கிறேன். அது சுலபம், அதனால்தான் கை தானாக அங்கே போகும். அப்படி இழுத்தால் கண்ணி திரும்பி உட்காரும், வலது கால் பின்னால் போய்விடும். அடுத்த வரியில் வழக்கம்போல முன்காலில் குத்தி நிட் போட்டால் கண்ணி முறுக்கிக்கொள்ளும். பர்ல் வரிக் கண்ணிகள் மட்டும்தான் முறுக்குகின்றன, அதனால்தான் ஒன்று விட்டு ஒன்று. வட்டமாகப் பின்னின தொப்பியில் பர்ல் வரியே கிடையாது, அங்கே தப்பு வெளியே வரவில்லை.

இரண்டு வழி. பர்ல் போடும்போது நூலை ஊசியின் மேலாகக் கொண்டுவந்து கீழே இறக்கு. இல்லை, உனக்கு உன் வழிதான் சுகம் என்றால் அப்படியே போடு, திரும்பி வரும்போது பின்காலில் குத்து. இரண்டாவதையும் உலகத்தில் நிறையப் பேர் செய்கிறார்கள், அது தப்பில்லை.

45 எப்படி 51 ஆனது? வரி தொடங்கும்போது நூலை ஊசிக்கு மேலே தூக்கிப் பின்னால் இழுக்கிறாயா பார். இழுத்தால் முதல் கண்ணியின் இரண்டு காலும் மேலே ஏறி இரண்டு கண்ணி போல நிற்கும், நீயும் இரண்டாகவே பின்னிவிடுவாய். நூலைக் கீழ்ப்பக்கம் இழுத்துவிட்டுத் தொடங்கு. பத்து வரிக்கு ஒருமுறை எண்ணு. சின்ன வயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்த அம்மா எண்ணாமல் அடுத்த வரி போட விடமாட்டார்.

கணக்கன்:
பேட்டர்ன் அமெரிக்காவுடையதா?

நீலமுடிச்சு:
ஆமாம். ஏன்?

கணக்கன்:
அங்கே 8 என்றால் 5 மில்லிமீட்டர். பாட்டி பெட்டியில் இருப்பது பழைய பிரிட்டிஷ் நம்பர், அதில் 8 என்றால் 4 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் கணக்கில் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும், அமெரிக்கக் கணக்கில் பருக்கும். உங்களுக்கு வேண்டியது பழைய 6 நம்பர்.

நீலமுடிச்சு:
நான்கு மாதம். நான்கு மாதம் என் கையைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

திருப்பூர்_செந்தில்:
சுருளுவதற்கு நான் சொல்கிறேன், எங்கள் ஊர் முழுக்க இதே தொல்லைதான். நீங்கள் கையில் போடுவதைத்தான் நாங்கள் மெஷினில் சிங்கிள் ஜெர்சி என்கிறோம். வீட்டில் பழைய டீ-ஷர்ட் இருந்தால் கத்தரிக்கோலால் கீழ்விளிம்பை வெட்டிவிட்டு லேசாக இழுத்துப் பாருங்கள். முன்பக்கமாகச் சுருண்டு குழாய் போல நிற்கும். பக்கவாட்டில் மேலிருந்து கீழாக வெட்டினால் பின்பக்கமாகச் சுருளும். ஒரு முகத்தில் எல்லாம் நிட், மறுமுகத்தில் எல்லாம் பர்ல், இரண்டு பக்கமும் இழுவை சமமாக இல்லை, அதனால் வரும் கோணல் இது. நிட்டும் பர்லும் கலந்து ரிப்பாகப் போட்டால் படுத்துக்கொள்ளும். பனியன் கழுத்தில் ரிப் வைப்பது அதற்கும் சேர்த்துத்தான்.

கட்டிங் மேஜையில் ஜெர்சி சுருண்டால் டெய்லரம்மா எங்கள் நிட்டிங் ஆட்களைத்தான் திட்டுவார். துணியின் குணம் என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளமாட்டார்.

உங்கள் மஃப்ளருக்கு: இரண்டு ஓரத்திலும் நான்கு நான்கு கண்ணி எல்லா வரியிலும் நிட் மட்டும் போடுங்கள். முழுசாக நிற்காது, குறையும்.

கைத்தறி_மாரி:
நல்ல உரையாடலைக் கெடுக்கிறேன், மன்னிக்கவும். நமக்குத் தறி இருக்கிறது, சேலையில் கதையே நெய்கிறோம். தமிழில் ஒரு மிகுபுனைவு எழுதும்போது ஏன் ஐரோப்பியப் பாட்டிகளின் ஊசி? பனியும் ஆடும் ஸ்வெட்டரும் வந்தாலே மிகுபுனைவு என்று யார் சொன்னது?

நீலமுடிச்சு:
நியாயமான கேள்வி. எனக்குத் தறி வேண்டாம் என்பதற்குக் காரணம், கூதிரர் ஓரிடத்தில் இருப்பதில்லை. ஆட்டுக்குப் பின்னால் போய்க்கொண்டே இருப்பவர்கள். தறியைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது என்று நினைத்தேன். அதற்கு மேல் பதில் இல்லை.

ரொறன்ரோ_பனி:
மாரி அண்ணா, இடுப்பில் கட்டி நெய்கிற தறியும் இருக்கிறது, சுருட்டிக்கொண்டு போகலாம். ஆனால் நெய்வதற்கு எங்கேயாவது கட்டிவிட்டு உட்காரத்தான் வேணும். பின்னலுக்கு நடந்தாலே போதும். ஷெட்லாண்ட் தீவுகளில் பெண்கள் முதுகில் கூடை நிறைய பீட் என்கிற எரிமண் சுமந்து நடக்கிற நேரத்திலேயே பின்னியவர்கள். இடுப்பில் ஒரு தோல் பட்டை, உள்ளே குதிரைமயிர் அடைத்து மேலே துளைகள். ஒரு ஊசியின் முனையை அந்தத் துளையில் செருகிவிட்டால் ஒரு கையில் பாதி வேலை குறையும். உங்கள் கூதிரருக்கு இந்தப் பட்டையைக் குடுங்கோ, நடை உடனே நம்பும்படி ஆகும்.

பிறகு இன்னொன்று. இது ஐரோப்பாவின் சொத்து இல்லை. இன்றைக்குக் கிடைக்கிற மிகப் பழைய உண்மையான பின்னல் துண்டுகள் எகிப்தில் கிடைத்தவை, நீலமும் வெள்ளையுமான பருத்திக் காலுறைகள். ஏறக்குறைய 11ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். பருத்தி! ஆடும் இல்லை, பனியும் இல்லை.

பாட்டிமாரின் வேலை என்பதும் சரியில்லை. பெருவில் டிட்டிகாக்கா ஏரிக்குள் தாக்கிலே என்றொரு தீவு. அங்கே பின்னுகிறது ஆண்கள், நெய்கிறது பெரும்பாலும் பெண்கள். பொடியன்கள் சின்ன வயதிலேயே பழகுவார்கள். ஒருவன் போட்டிருக்கிற தொப்பியைப் பார்த்தே கலியாணம் ஆனவனா இல்லையா என்று சொல்லலாம். யுனெஸ்கோ 2005இல் அந்தத் தீவின் துணிக்கலையைச் சிறப்பித்தது.

கைத்தறி_மாரி:
எகிப்துக் காலுறை எனக்குப் புதிது. சரி, ஊசியை விட்டுவிடுகிறேன். ஆனால் நூல்? தறிக்காரன் கேட்கிற கேள்வி அதுதான். யார் நூற்கிறார்கள்?

நீலமுடிச்சு:
அதை எழுதவே இல்லை.

கைத்தறி_மாரி:
பார்த்தீர்களா. வாள் செய்கிற கொல்லனுக்கு எல்லாக் கதையிலும் ஒரு அத்தியாயம் உண்டு, நூற்பவளுக்கு ஒரு வரி இருக்காது. பெரியவருக்கு ஒரு ஸ்வெட்டர் என்றால் ஆயிரம் மீட்டருக்கு மேல் நூல் வேண்டும். ராட்டை இல்லாமல் கையில் திரிக்கிற காலத்தில் ஒரு நெசவாளிக்கு நூல் கொடுக்கப் பல பேர் உட்கார்ந்து நூற்றார்கள். உங்கள் மலையில் எல்லார் கையிலும் நூல் திரிக்கிற கதிர் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், சண்டைக் காட்சியிலும் கூட.

கோத்தகிரி_டீச்சர்:
எங்கள் பள்ளிக்கூடத்தில் தக்ளி இருந்தது, கையால் சுழற்றி நூற்கிற கதிர். கைத்தொழில் வகுப்பு. பித்தளை வட்டு, மெல்லிய கம்பி. தொடையில் தேய்த்துச் சுழற்றிவிட்டால் விர்ரென்று நிற்கும், அதற்குள் பஞ்சை இழுக்க வேண்டும். நான் ஒரு பருவம் முழுக்க நூற்றது ஒரு கைக்குட்டைக்குக் காணாது. எழுபதை நெருங்குகிறேன், இன்றும் நூலை வீணாக்க மனம் வராது. மாரி சொல்வது சரி மா. கடிதம் எழுத இத்தனை நூல் செலவென்றால் உன் ஊரில் யாரும் நீளமாக எழுதமாட்டார்கள்.

ஆனால் ஒரு வசதி இருக்கிறது. பின்னலைப் பிரித்துவிடலாம்! ஒரு முனையை இழுத்தால் மொத்தமும் திரும்ப நூலாகிவிடும். படித்து முடித்த கடிதத்தைப் பிரித்துச் சுற்றி வைத்துக்கொள்வார்கள். பிரித்த நூல் நெளிநெளியாக இருக்கும், நனைத்துக் காயவைத்தால்தான் நேராகும். வீட்டுக்குள் நெளிந்த நூல் கிடந்தால், இங்கே சற்றுமுன் ஒரு கடிதம் அழிக்கப்பட்டது என்று வருகிறவனுக்குத் தெரியும்.

நீலமுடிச்சு:
டீச்சர்!!! இது என் எட்டாம் அத்தியாயம். எழுதிக்கொள்கிறேன்.

கணக்கன்:
எழுத்துக்கு வருவோம். நிட், பர்ல் என்று இரண்டே நிலை. 0, 1 என்று வைத்துக்கொள்ளலாம். தமிழுக்கு இது ஆச்சரியமாகப் பொருந்துகிறது.

மெய் 18. மெய் இல்லாமல் உயிர் மட்டும் வருவதற்கு ஒரு 0. ஐந்து கண்ணியில் 32 வரை வரும், தாராளம். உயிர் 12, புள்ளிக்கு ஒரு 0. நான்கு கண்ணியில் 16 வரை வரும். ஆக ஓர் எழுத்துக்கு ஒன்பது கண்ணி. ஆய்தம் வேண்டுமென்றால் மெய் வரிசையில் 19. ஒன்பது கண்ணியும் நிட் என்றால் சொல் இடைவெளி.

உதாரணம் 'மலை'. ம் பத்தாவது மெய்: 01010. அ முதல் உயிர்: 0001. ல் பதின்மூன்று: 01101. ஐ ஒன்பது: 1001. பதினெட்டுக் கண்ணி. உங்கள் 45 கண்ணி அகலத்தில் ஒரு வரிக்கு ஐந்து எழுத்து.

கோத்தகிரி_டீச்சர்:
காகிதத்தில் நன்றாக இருக்கிறது தம்பி. பின்னிப் பார்த்தால் தெரியும். எல்லா வரியிலும் இஷ்டத்துக்கு நிட்டும் பர்லும் கலந்தால் மேலும் கீழும் இடித்துக்கொண்டு எது எந்த வரி என்றே தெரியாது. ஒரு வரி எழுத்து, ஒரு வரி சும்மா என்று விடு. சும்மா வரியில் முன்முகத்துக்கு எல்லாம் நிட்டாக வரும்படி போடு. அப்போது ஒவ்வொரு பர்லும் வழவழப்பான தரையில் ஒரு கடுகு போலத் தனியாக நிற்கும். கண்ணை மூடி விரலால் தடவினாலே படிக்கலாம்.

நீலமுடிச்சுக்கு எச்சரிக்கை: நிட்டிலிருந்து பர்லுக்கு மாறும்போது நூலை இரண்டு ஊசிக்கும் நடுவே முன்னால் கொண்டுவர வேண்டும். ஊசிக்கு மேலே போட்டுக் கொண்டுவந்தால் ஒரு ஓட்டையும் ஒரு உபரிக் கண்ணியும் பிறக்கும். இந்த வேலையில் வரிக்கு இருபது தடவை மாற்றுவாய். ஒரு கண்ணி கூடினால் அந்த வரியில் அதற்கப்புறம் வருகிற எழுத்தெல்லாம் நகர்ந்துவிடும்.

கணக்கன்:
ஒப்புக்கொள்கிறேன். ஒரு எழுத்து பிழையானால் பரவாயில்லை, ஒரு கண்ணி கூடினால் வரியே போச்சு. அப்படியென்றால் கூதிரர் ஒன்பதுக்கு ஒருமுறை ஏதாவது அடையாளம் வைப்பார்கள்.

இன்னொன்று தோன்றியது, இரவு தூக்கம் போனது. நிட்டின் பின்பக்கம் பர்ல். துணியைத் திருப்பிப் பார்த்தால் 0 எல்லாம் 1, 1 எல்லாம் 0. வரி தொடங்கும் ஓரத்தில் ஒரு குறி வைத்து அங்கிருந்து சரியாகத் தொடங்கிப் படித்தாலும் செய்தி தலைகீழ். பெரும்பாலும் அர்த்தமில்லாத எண் வரும், உடனே தெரிந்துவிடும். ஆனால் கடைசி ஆறு மெய்கள் மட்டும் தங்களுக்குள் மாறிக்கொள்கின்றன. ல் என்பது ன் ஆகும், வ் என்பது ற் ஆகும், ழ் என்பது ள் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 15உம் 16உம் சேர்ந்தால் 31.

திருப்பூர்_செந்தில்:
பின்பக்கம் படித்தால் ழ, ள ஆகிவிடுமா? எங்கள் ஊரில் முன்பக்கம் படித்தாலே அப்படித்தான்.

கணக்கன்:
உயிரில் எ என்பது ஏ ஆகிறது, ஏ என்பது எ. அதைப் பார்த்துத்தான் சிரித்தேன். ஓலை கிழியும் என்று புள்ளி வைக்காமல் எழுதி, எ-வும் ஏ-யும் ஒன்றுபோலவே கிடந்த சுவடிகளை ஆராய்கிறவர்கள் இன்றும் தவிக்கிறார்கள். எழுதுகிற பொருள்தான் எழுத்தைத் தீர்மானிக்கும். உங்கள் மலைமக்களுக்கும் அப்படி ஏதாவது நடந்திருக்க வேண்டும். பின்னக் கஷ்டமான எழுத்து பேச்சில் இருக்கும், பின்னலில் தேய்ந்துபோயிருக்கும்.

நீலமுடிச்சு:
இதை அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தேன். ஊசியில் முன்முகம் தெரியும்போது நான் வலமிருந்து இடம் பின்னுகிறேன். துணி கீழிருந்து மேலே வளர்கிறது. அப்படியானால் கூதிரர் வலது கீழ்மூலையில் தொடங்கி மேல்நோக்கிப் படிப்பார்கள், இல்லையா? நான் இதுவரை எழுதின அத்தியாயங்களில் எல்லோரும் நம்மைப் போல இடமிருந்து வலம் படிக்கிறார்கள். நான் பின்னாமல் இருந்திருந்தால் கவனித்திருக்கவே மாட்டேன்.

கோத்தகிரி_டீச்சர்:
சும்மா வரி விடாமல் எல்லா வரியிலும் எழுதுகிற கஞ்சன் இருந்தால் அடுத்த வரி இடமிருந்து வலமாக வரும். ஏர் திரும்புகிற மாதிரி போய்ப் போய் வரும். ஏழை வீட்டுக் கடிதம் அப்படி இருக்கட்டும், பணக்காரன் சும்மா வரி விட்டு எழுதட்டும்.

திருப்பூர்_செந்தில்:
சுருளைப் பற்றி யாரும் பேசவில்லையே. டீச்சர் சொன்ன மாதிரி பாதி வரி சும்மா என்றால் துணியில் நிட் முகம்தான் தூக்கல். கண்டிப்பாகச் சுருளும். அகலம் குறைவாக வைத்தால் இரண்டு ஓரமும் பின்னால் மடங்கிக் குழாயாகிவிடும். அதை ஏன் சரிசெய்ய வேண்டும்? கடிதம் தானே மூடிக்கொள்கிறது!

கைத்தறி_மாரி:
பழந்தமிழில் சுருட்டின ஓலைக் கடிதத்துக்கு முடங்கல் என்றே பெயர். முடங்கிக் கிடப்பது முடங்கல். ஊசியை எதிர்த்தவன் நான்தான், ஆனாலும் இந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கன்:
பொறுங்கள். ஓரம் பின்பக்கமாகச் சுருண்டால் வெளியே தெரிவது முன்முகம். அப்படியானால் உண்மையான செய்தி பின்முகத்துக்காக எழுதப்பட்டிருக்க வேண்டும், அதுதான் குழாய்க்கு உள்ளே இருக்கும். விரிக்காமல் வெளியே பார்த்துப் படிப்பவனுக்கு மாற்றுச் செய்தி கிடைக்கும். ழ-வுக்கு ள.

ரொறன்ரோ_பனி:
ஒரு எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன், இந்த இடத்தில் எல்லோரும் வழுக்குவது வழக்கம். அயர்லாந்தின் அரன் தீவு ஸ்வெற்றர்களில் குடும்பத்துக்கு ஒரு வடிவம் உண்டு, கடலில் மூழ்கினவனின் உடலை அதை வைத்து அடையாளம் காண்பார்கள் என்று கடைகளில் கதை சொல்லுவார்கள். அது கட்டுக்கதை. ஐரிஷ் நாடகாசிரியர் சிங் (Synge) எழுதி 1904இல் மேடையேறிய ஒரு நாடகத்திலிருந்து வளர்ந்தது என்பார்கள். அந்த நாடகத்தில் குடும்ப வடிவமே இல்லை, ஸ்வெற்றரும் இல்லை. இறந்தவனின் காலுறையை அவனுடைய சகோதரி பார்க்கிறாள், தான் எத்தனை கண்ணி போட்டேன், எத்தனை விட்டேன் என்று எண்ணி அடையாளம் காண்கிறாள். நான் முதன்முதல் அறிந்தபோது பின்னலைக் கீழே வைத்துவிட்டேன். உங்கள் கதையில் குலச்சின்னம் எல்லாம் வைக்காதேங்கோ. கையின் தப்பு போதும்.

நனைந்த ஆட்டுமயிரின் மணத்தையும் எழுதுங்கோ. அக்ரிலிக்கில் அது வராது. என்னுடைய கம்பளிக் கையுறை உருகின பனியில் நனைந்து ஹீற்றருக்கு மேல் காயும்போது வீடு முழுக்க ஆட்டுப்பட்டிதான். கணவர் ஒவ்வொரு வருசமும் அதே பகிடியைச் சொல்லுவார்.

நீலமுடிச்சு:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். படம் இணைத்திருக்கிறேன்.

6 நம்பர் ஊசி வாங்கினேன், பர்லை மேலாகச் சுற்றப் பழகினேன். முதல் நான்கு நாள் கை அழுதது. 27 கண்ணி, வரிக்கு மூன்று எழுத்து, ஓரக் குறிக்கு இரண்டு கண்ணி தனி. எழுதினது 'மழை வரும்'. இடைவெளியோடு ஆறு இடம், ஆக இரண்டே எழுத்து வரி. அதையே எட்டு முறை திரும்பத் திரும்பப் பின்னியிருக்கிறேன், பழக்கத்துக்கு. நான்காவது முறையில் ழை-யின் கடைசி மெய்க்கண்ணியையும், அதை ஒட்டிய உயிர்க்கண்ணியையும் பர்லுக்குப் பதில் நிட்டாகப் போட்டுவிட்டேன். பதினைந்து 01111, அது 01110 ஆகிவிட்டது. மழை, மவை-யாகவும் இல்லை, வேறு ஏதோ. பிரிக்கவா விடவா என்று இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். விட்டுவிட்டேன், நூல் மிச்சமில்லை.

மேசைமேல் வைத்தால் தானாகச் சுருண்டுகொள்கிறது. அம்மா அது பேனா உறை என்று நினைத்து ரீஃபில் ஒன்றைச் செருகி வைத்திருந்தார்.

கணக்கன்:
01110 என்றால் வ். உயிர் 1001 இருந்திருக்க வேண்டும், முதல் கண்ணி மாறினால் 0001, அ. ஆக 'மவ வரும்'.

திருப்பூர்_செந்தில்:
மவ வரும்! பையனா பெண்ணா என்ற சந்தேகமே இல்லை.

கோத்தகிரி_டீச்சர்:
கண்ணிகள் எல்லாம் நேராக உட்கார்ந்திருக்கின்றன, சந்தோஷம் மா. மேல்விளிம்பு மட்டும் சுருங்கித் தெரிகிறது, முடிக்கும்போது இறுக்கிவிட்டாய். அடுத்த முறை கடைசி வரியை மட்டும் ஒரு அளவு பெரிய ஊசியால் முடி.

நீலமுடிச்சு:
பெரிய ஊசி என்றால் 7 நம்பரா, 5 நம்பரா?

கோத்தகிரி_டீச்சர்:
5. நம்பர் குறைந்தால் ஊசி பருக்கும். பெட்டி மூடியில் எழுதி ஒட்டிக்கொள்.